ரீபில்ட் பண்ண ரோட்டரிக்கு டர்போ: அம்பத்தூர் ஒர்க்‌ஷாப் பத்தி என்னோட ரிவ்யூ

சென்னையில ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தற இன்ஜின்) வண்டி வச்சிருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்கு டர்போ (புகையோட வேகத்துல சுத்தி, காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ற கருவி) போடணும்னு நினைக்கிறவங்க அதுலயும் கம்மி. அப்படி யாராவது ஒருத்தர் தேடிட்டு இருந்தா அவருக்கு உதவட்டும்னு தான் கொஞ்சம் விரிவாவே எழுதறேன். அம்பத்தூர் எஸ்டேட் உள்ள, லேத் பட்டறைங்க வரிசையா இருக்கிற தெருவுல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், வெளிய போர்டு கூட பெருசா கிடையாது. பேரு போட வேணாம்னு அந்த அண்ணன் கேட்டுக்கிட்டார், ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டு வேலை பாக்கறவர், கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுன்னார், அதனால பேரு இல்லாமலே எழுதறேன். வேலை எப்படின்னு ஒரே வரியில கேட்டா, நான் பாத்த வரைக்கும் இன்ஜினை அளந்து பாத்துட்டு அப்புறம் பேசற ஒரே இடம் இது தான், கொடுத்த காசுக்கு முழு வேலை நடந்திருக்கு.

வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-8, காத்து உள்ள போற வழி, அதாவது போர்ட், ஆறு இருக்கிற ரெனெசிஸ் இன்ஜின், அதாவது 13பி எம்எஸ்பி. ரெண்டு ரோட்டர், ஒவ்வொண்ணும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. டர்போ இல்லாமலே 9000 ஆர்பிஎம் சுத்தற இன்ஜின், ஜப்பான் ஸ்பெக்ல 250 பிஎஸ் போட்டிருப்பாங்க, ஆனா டார்க், அதாவது இழுவை, 216 நியூட்டன் மீட்டர் தான், அதுவும் 5500ல தான் வரும். ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், மேல போனா சொர்க்கம், கீழ ஒண்ணுமே இருக்காது. நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து வாங்கின வண்டி, ரோட்டுல ஓட்டறதில்ல, ஃப்ளாட்பெட்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு கொண்டு போய் டிராக் டேல மட்டும் ஓட்டறோம். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி ஸ்பெக்கை மாத்தி ரோட்டுல ஓட்டறது தப்பு, டர்போ போட்டுட்டு ஈசிஆர்ல ஒரு ரவுண்டு போலாம்னு நினைக்கிறவங்க அந்த ஐடியாவை விட்டுடுங்க. இந்த அண்ணனும் ரோட்டு வண்டின்னா டர்போ வேலை எடுக்கறதே இல்ல, முதல் நாளே கேட்டுட்டார்.

இன்ஜின் ஏற்கனவே ஒரு தடவை ரீபில்ட் ஆனது. வேற ஒரு இடத்துல பண்ணது, எந்த இடம்னு இங்க வேணாம். புது அபெக்ஸ் சீல் (ரோட்டரோட மூணு முனையிலயும் இருக்கிற சீல்), புது ஸ்பிரிங், வாட்டர் சீல், எல்லாம் பில்லோட கொடுத்தாங்க, என்ஏவா, அதாவது டர்போ இல்லாம, ஒரு சீசன் நல்லாவே ஓடுச்சு, சூடா இருக்கும்போதும் ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆகும். அதனால இன்ஜின் ஹெல்த்தா இருக்கு, இனிமே டர்போ மேல போட வேண்டியது தான்னு தான் எங்க நினைப்பு. கோட்டேஷன் கேட்டு மூணு நாலு கராஜ் பேசினோம். எல்லாரும் நல்லாத் தான் பேசினாங்க, ஆனா ஒருத்தர் கூட கம்ப்ரஷன் (இன்ஜின் உள்ள காத்தை எவ்ளோ அழுத்துது) எவ்ளோன்னு கேக்கல. பிஸ்டன் வண்டிக்கு டர்போ போட்டு பழகினவங்க, 12 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ற காத்தோட அழுத்தம்) தாங்கும், 15 தாங்கும்னு போன்லயே நம்பர் சொன்னாங்க. ஒருத்தர் மாஸ்டாவோட பழைய ஆர்எக்ஸ்-7க்கே கம்பெனி டர்போ வந்துச்சு, உங்களுதும் 13பி தானேன்னார். அங்க தான் எனக்கு பயம் வந்துச்சு, ஏன்னா ரெண்டும் 13பி தான், ஆனா உள்ள நிறைய வித்தியாசம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன்.

அம்பத்தூர் அண்ணன் கோட்டேஷனே கொடுக்கல. வண்டியை இறக்குங்க தம்பி, முதல்ல மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கலாம்னார். ரோட்டரிக்கு சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வச்சா புண்ணியம் இல்ல, ஏன்னா ஒரு ரோட்டருக்கு மூணு முகம், மூணும் ஒரே பிளக் ஓட்டை வழியாத் தான் மாறி மாறி வரும், சாதா கேஜ் மூணுல எது பெருசோ அதை மட்டும் பிடிச்சு வச்சுக்கும், மத்த ரெண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. இவர்கிட்ட ரோட்டரிக்குன்னே இருக்கிற டெஸ்டர் இருக்கு, மூணு முகத்துக்கும் தனித்தனியா நம்பர் காட்டும், கூடவே கிராங்க் ஆகற வேகத்தையும் காட்டும், அந்த நம்பரை 250 ஆர்பிஎம்க்கு கணக்கு போட்டு மாத்திக்கணும். மாஸ்டா மேனுவல்படி புது ரெனெசிஸ்னா சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கேஜி, 6.9க்கு கீழ போனா இன்ஜின் முடிஞ்சது. எங்க வண்டிக்கு பின் ரோட்டர் மூணு முகமும் 8.1, 8.2னு அழகா நின்னுச்சு. முன் ரோட்டர்ல ரெண்டு முகம் 8க்கு மேல, ஒண்ணு மட்டும் 7.0.

இப்போ கவனிங்க. புக் படி இது பாஸ். 6.9க்கு மேல இருக்கு, முகத்துக்கு முகம் 1.5 கேஜி வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம்னு மேனுவலே சொல்லுது, எங்களுக்கு 1.2 தான். என்ஏவா ஓட்டினா இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்கும். ஆனா இவர் அந்தப் பேப்பரை எங்க முன்னாடி வச்சு, ஒரு முகம் மட்டும் தான் கம்மி, பாத்தீங்களா, அபெக்ஸ் சீல் போயிருந்தா ரெண்டு முகம் கம்மியாகும், ஏன்னா ஒரு அபெக்ஸ் சீலுக்கு இந்தப் பக்கம் ஒரு அறை அந்தப் பக்கம் ஒரு அறை, ஒண்ணு மட்டும் கம்மின்னா ரோட்டர் பக்கவாட்டுல இருக்கிற சைடு சீல் தான்னு சொன்னார். இன்ஜினைத் திறக்காமலே சொன்னது. திறந்தா எந்த முகம்னு சொன்னாரோ அதே முகத்துல சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவுல 0.3 மில்லிக்கு மேல இடைவெளி. புதுசா போடும்போது 0.05ல இருந்து 0.15க்குள்ள இருக்கணும். ரீபில்ட் பண்ணவங்க அந்த ஒரு சீலை மட்டும் கொஞ்சம் அதிகமா தேச்சிருக்காங்க, இல்ல பழசையே திரும்பப் போட்டிருக்காங்க, எதுன்னு தெரியல. சும்மா ஓடறப்ப அது சின்ன லீக். பூஸ்ட் வந்தா அதே வழியா எரியற கேஸ் பீச்சிக்கிட்டு பக்கத்துல போகும், சீலை சூடாக்கும், ஸ்பிரிங் தளரும், லீக் இன்னும் பெருசாகும். இப்படியே டர்போ போட்டிருந்தா முன் ரோட்டர் எவ்ளோ நாள் தாங்கியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

அந்த சைடு சீல் ஃபிட்டிங்கை நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அதைக் கொஞ்சம் சொல்லணும். சைடு சீல்ங்கறது ஒரு மில்லி கூட தடிமன் இல்லாத, வில்லு மாதிரி வளைஞ்ச ஒரு கம்பி. ரோட்டர் பக்கவாட்டுல அதுக்குன்னு ஒரு காடி, அதுல உக்காரணும், ரெண்டு முனையிலயும் கார்னர் சீல். புது சீல் கொஞ்சம் நீளமாத் தான் வரும், ஒவ்வொரு இடத்துக்கும் தனியா தேச்சு உக்கார வைக்கணும், ஒண்ணுக்குத் தேச்சது இன்னொண்ணுக்கு ஆகாது. அங்க வேலை பாக்கற தம்பி ரொம்ப சின்னப் பையன், பாலிடெக்னிக் முடிச்சு வந்தவனாம், சீலோட ஒரு முனையை மட்டும் நைசு அரம்ல ரெண்டு இழுப்பு இழுக்கறான், துடைக்கறான், காடியில வைக்கறான், 0.05 ஃபீலர் கேஜ் விட்டுப் பாக்கறான், போகல, எடுக்கறான், இன்னும் ஒரு இழுப்பு. அரம் இழுக்கற கோணமும் முக்கியமாம், கார்னர் சீல் வட்டமா இருக்கறதால அந்த வளைவுக்கு ஏத்தாப்ல முனை இருக்கணும். ஒரு ரோட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு சைடு சீல், ரெண்டு ரோட்டருக்கு பன்னெண்டு. பன்னெண்டையும் இப்படியே பண்ணி, எந்த சீல் எந்த இடம், எவ்ளோ கேப்னு ஒரு நோட்டுல எழுதினாங்க, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினாங்க. முன்னாடி ரீபில்ட் பண்ண இடத்துல பில் மட்டும் தான் கொடுத்தாங்க, ஒரு அளவு கூட எழுதித் தரல.

திரும்ப அசெம்பிள் பண்ணதும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டருங்க சுத்த வைக்கிற நடு ஷாஃப்ட்) எண்ட் ப்ளே பாத்தாங்க. ஃப்ளைவீல் மேல டயல் கேஜ் வச்சு, ஷாஃப்டை முன்னாடியும் பின்னாடியும் தள்ளி, முள் எவ்ளோ நகருதுன்னு பாக்கறது. 0.04ல இருந்து 0.07 மில்லிக்குள்ள வரணும், 0.09க்கு மேல போகக் கூடாது. முதல்ல 0.08 காட்டுச்சு. லிமிட்டுக்குள்ள தானேண்ணேன்னு என் ஃப்ரெண்டு கேட்டதுக்கு, லிமிட்னா செத்துப் போற இடம் தம்பி, அங்க போய் ஏன் நிக்கணும்னு சொல்லிட்டு முன்னாடி இருக்கிற ஸ்பேசரை மாத்திப் போட்டு 0.05க்கு கொண்டு வந்தார். இந்த ஆளோட வேலை எப்படின்னு புரிய இந்த ஒரு பதில் போதும்.

இப்போ பூஸ்ட் விஷயம். மாஸ்டா 1982லயே காஸ்மோ கார்ல ரோட்டரிக்கு டர்போ போட்டாச்சு, அதுக்கப்புறம் ஆர்எக்ஸ்-7லயும் வந்துச்சு. ஆனா கம்பெனி டர்போ போட்டப்பல்லாம் ரோட்டரோட கம்ப்ரஷன் ரேஷியோவை (காத்தை எத்தனை மடங்கு அழுத்துதுங்கற கணக்கு) குறைச்சுட்டுத் தான் போட்டாங்க. ரெண்டாவது ஜெனரேஷன் ஆர்எக்ஸ்-7 ஆரம்பத்துல என்ஏன்னா 9.4, டர்போன்னா 8.5. அடுத்து வந்த ட்வின் டர்போ 13பி ஆர்இடபிள்யூ 9.0. எங்க ரெனெசிஸ் 10.0, கம்பெனி இதுக்கு டர்போவே விடல. அதுவும் போக, எக்ஸாஸ்ட் போர்ட் இடமும் வேற. பழைய 13பில எக்ஸாஸ்ட் ரோட்டர் ஹவுசிங் சுத்துலயே இருக்கும், நேரா டர்போ மேல அடிக்கும். ரெனெசிஸ்ல எமிஷனுக்காக எக்ஸாஸ்டை சைடு பிளேட்டுக்கு மாத்திட்டாங்க, புகை வளைஞ்சு தான் வெளிய வரணும், நடு பிளேட்டுல ரெண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஒரே வாய், அந்த நடு வாய் தான் இருக்கறதுலயே அதிகமா சூடாகற இடம். இதுல பூஸ்ட் ஏத்தினா சூடு வெளிய போக வழி இல்லாம உள்ளயே நிக்கும், சூடு நின்னா நாக்கிங் (பெட்ரோல் கலவை தானா தாறுமாறா வெடிக்கறது), பிஸ்டன்ல நாக்கிங்னா சத்தம் கேட்டு சுதாரிக்க கொஞ்சம் நேரம் கிடைக்கும், ரோட்டரில அபெக்ஸ் சீல் ஒரே அடியில உடையும், உடைஞ்ச துண்டு ஹவுசிங்கையும் ரோட்டரையும் கொத்திட்டுத் தான் ஓயும். ரீபில்ட் காசு மொத்தமும் ஒரு நொடியில காலி.

அதனால இவர் முதல்லயே ஒரு கண்டிஷன் போட்டார். 7 பிஎஸ்ஐ, அதுக்கு மேல ஒரு புள்ளி கிடையாது, பூஸ்ட் கண்ட்ரோலரே வைக்க மாட்டேன், வேஸ்ட்கேட் (அதிகப்படி புகையை டர்போக்கு போகாம வெளிய விடற வால்வு) ஸ்பிரிங் என்ன அழுத்தமோ அது தான் பூஸ்ட். என் ஃப்ரெண்டுக்கு மனசு ஆறல, 10 வைக்கலாமேண்ணே, எக்ஸ்பி100 பெட்ரோல் ஊத்திக்கலாமேன்னு கேட்டுப் பாத்தான். 100 ஆக்டேன் ஊத்தணும், ஊத்தித் தான் ஆகணும், ஆனா அது தப்பு நடந்தா காப்பாத்தறதுக்கு இருக்கிற இடம், அதையும் பவருக்கு செலவு பண்ணிட்டா அப்புறம் என்ன மிச்சம்னு கேட்டார். என்னைக் கேட்டா கஸ்டமர் காசை நீட்டும்போது வேணாம்னு சொல்ற மெக்கானிக் கிடைக்கறது பெரிய விஷயம், அதுவும் இந்த ஃபீல்டுல.

டர்போ கேரட் ஜிடிஎக்ஸ்3076ஆர், டர்பைன் ஹவுசிங் 1.06 ஏ/ஆர் (புகை போற வழி எவ்ளோ பெருசுங்கற கணக்கு). இவ்ளோ பெரிய ஹவுசிங்கா, லேக் வருமே, பூஸ்ட் லேட்டாகுமேன்னு பிஸ்டன் ஆளுங்க கேப்பாங்க. ரோட்டரில ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எரிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான், அதனால 1.3 லிட்டர்னு பேரே தவிர வெளிய வர்ற புகை ரொம்ப பெரிய இன்ஜினோடது, சூடும் ஜாஸ்தி. சின்ன ஹவுசிங் வச்சா புகை பின்னாடி தேங்கி நிக்கும், மறுபடியும் அதே சூடு பிரச்சனை. வேஸ்ட்கேட்டும் அதே கதை, சின்னதா வச்சா தேவையில்லாத புகையை வெளிய விட முடியாம பூஸ்ட் தானா ஏறிக்கிட்டே போகும், 7க்கு செட் பண்ணது மேல போகப் போக 10, 11னு ஏறும். இங்க 44 மில்லி எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட், மேனிஃபோல்ட்ல (இன்ஜின்ல இருந்து புகையை டர்போக்கு கொண்டு போற பைப் செட்) மூணு பைப்பும் ஒண்ணு சேர்ற இடத்துல, புகை போற திசையிலயே வாய் வச்சு வெல்டு பண்ணியிருக்காங்க. ரெட்லைன் வரைக்கும் டேட்டா லாக் பாத்தேன், பூஸ்ட் கோடு படுத்த மாதிரி நேரா இருக்கு, அரை பிஎஸ்ஐ கூட ஏறல.

மேனிஃபோல்டை பக்கத்துத் தெருவுல இருக்கிற ஒரு டிக் வெல்டர்கிட்ட கொடுத்து தடிமனான ஸ்டெயின்லெஸ் பைப்ல பண்ணாங்க. வெல்டிங் முடிஞ்சதும் ஃபேஸை மில்லிங்ல கொடுத்து மட்டம் பாத்திருக்காங்க, ஏன்னா வெல்டு சூட்டுல ஃப்ளாஞ்ச் வளையும், வளைஞ்சதை அப்படியே முடுக்கினா ரெண்டு டிராக் டேல கேஸ்கெட் போகும். அம்பத்தூர்ல வேலை பண்ற சௌகரியம் இது தான், மில்லிங், லேத், கிரைண்டிங், ஹோஸ் கிரிம்பிங் எல்லாம் நடந்து போற தூரம். ஆயில் ரிட்டர்ன் லைன் தடிமனா, எங்கயும் மேல ஏறாம ஒரே இறக்கமா சம்ப்புக்கு இறங்குது. பார்க்க சாதாரண விஷயம், ஆனா டர்போல புகை வருதுன்னு சீல் மேல பழி போடற கேஸ்ல பாதி இந்த ரிட்டர்ன் லைன் கோளாறு தான்.

ஆயில் பத்தி ரெண்டு வார்த்தை. ரோட்டரில ஆயிலும் ரோட்டரைக் குளிர வைக்கிற வேலை பாக்குது, அதனால ஒரிஜினல் ரெண்டு ஆயில் கூலரையும் வச்சுக்கிட்டு காத்து நல்லா போற மாதிரி டக்ட் மட்டும் அடிச்சாங்க. அபெக்ஸ் சீலுக்கு ஆயில் விடற மீட்டரிங் பம்பை எடுக்கல, அது மேல பெட்ரோல்லயும் லிட்டருக்கு 5 மில்லி கணக்குல நல்ல 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்தற ஆயில்) கலக்கச் சொன்னார். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வச்சிருந்தவங்களுக்கு இது புதுசில்ல. ஆனா பங்க்ல கிடைக்கிற எதையோ ஊத்தாம சாம்பல் கம்மியா விடற கிரேடு பாத்து வாங்கணும், கார்பன் பிடிச்சா இந்த இன்ஜின்ல சைடு சீல் காடியில ஒட்டிக்கும்.

ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) ஹால்டெக் கம்பெனியோடது. ஆர்எக்ஸ்-8ல பவர் ஸ்டீயரிங் எலக்ட்ரிக், அது ஒரிஜினல் ஈசியுகிட்ட இருந்து மெசேஜ் வரலேன்னா கைவிட்டுடும், ஸ்டீயரிங் கனத்துப் போகும், இதை சமாளிக்கத் தான் வயரிங்ல அதிக நாள் ஆச்சு. பிளக் மாத்தினாங்க, ஒரிஜினல்ல கீழ லீடிங் பிளக் ஹீட் ரேஞ்ச் (நம்பர் ஏற ஏற சூட்டை சீக்கிரம் வெளிய விடும்) 7, மேல டிரெயிலிங் 9, இப்போ நாலுமே 9. டியூனிங்ல பூஸ்ட்ல ஏர் ஃப்யூயல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து) 11.2 சுத்தி வச்சிருக்காங்க, பெட்ரோல் நல்லா குடிக்கும், ஆனா உள்ள குளிர்ச்சியா இருக்கும். லீடிங்குக்கும் டிரெயிலிங்குக்கும் நடுவுல டைமிங் இடைவெளியையும் தாராளமா விட்டிருக்காங்க, அதைக் குறைச்சா இன்னும் பத்து குதிரை வரும், வேணாம்னு விட்டுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டைனோ (வீல்ல வர்ற பவரை அளக்கற மெஷின்) போட்ட நேரம். எல்லாரும் காலையில ஜில்லுனு இருக்கும்போது போட்டு பெரிய நம்பர் காட்டுவாங்க. இவர் வேணும்னே கத்திரி வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போட்டார். இன்டேக் டெம்பரேச்சர் 50 தாண்டி நிக்குது, அந்த நிலைமையில நாக் வராம மேப் பண்ணிட்டா மிச்ச நாளெல்லாம் தானா சேஃப், சென்னைக்கு இது தான் சரி. அந்த சூட்டுலயே வீல்ல 178 குதிரையா இருந்தது 241 ஆச்சு. நம்பரை விட கர்வ் தான் முக்கியம், 3500லயே டார்க் எழுந்திரிக்குது, முன்னாடி அந்த இடத்துல இன்ஜின் தூங்கிட்டு இருக்கும். இன்டேக் சூடு ஒரு அளவு தாண்டினா, இல்ல தண்ணி 105 தாண்டினா, ஈசியுவே டைமிங்கைக் குறைச்சு ரெவ் லிமிட்டையும் இறக்கிடும். ஒரிஜினல் டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீங்க, ஆர்எக்ஸ்-8ல அது கொதிக்கப் போற வரைக்கும் நடுவுலயே நிக்கும், தனி கேஜ் கட்டாயம் வைக்கணும்.

டிராக்ல எப்படின்னா, இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், முன்னாடியெல்லாம் மெதுவான கார்னர்ல இருந்து வெளிய வர்றப்ப செகண்ட் கியர் போட்டே ஆகணும், இல்லேன்னா 6000 தொடற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். இப்போ தேர்ட்லயே விட்டு மெதுவா மிதிச்சா இழுத்துட்டு போகுது. திடீர்னு உதைக்கல, கேபிள் போட்டு இழுக்கற மாதிரியும் இல்ல, பெரிய இன்ஜின் ஒண்ணு போட்டுட்டாங்களோன்னு தான் தோணும். மேல 8000 தாண்டியும் மூச்சு முட்டல. இருபது நிமிஷ செஷன்ல தண்ணி 98, ஆயில் 112, மூணாவது செஷன்லயும் அதே. செஷன் முடிஞ்சு ஒரு கூல் டவுன் லேப் மெதுவா ஓட்டிட்டுத் தான் பிட்ல நிறுத்தறோம். சீசன் முடிஞ்சு திரும்ப கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டோம், ஆறு முகமும் 8.0க்கு மேல, முகத்துக்கு முகம் 0.2 கூட வித்தியாசம் இல்ல. எனக்கு பவர் நம்பரை விட இந்தப் பேப்பர் தான் பெருசு.

குறைங்க இருக்கு, மறைக்கல. போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்ல நீலக் கலர் டிக் விழும், பதில் மறுநாள் ராத்திரி வரும். நேர்ல போனா பொறுமையா ஒரு மணி நேரம் பேசுவார், போன்ல மட்டும் ஆள் கிடைக்க மாட்டார், வேலைக்குப் போறவங்க அம்பத்தூர் வரைக்கும் அடிக்கடி வந்து நிக்க முடியுமா. சொன்ன தேதி எதுவும் நடக்கல, இம்போர்ட் பார்ட்ஸ் கஸ்டம்ஸ்ல நின்னது அவர் கையில இல்ல, அது சரி, ஆனா வயரிங் லேட்டானது அவங்க பக்கம் தான், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில்லும் முதல்ல ஒரே தொகையா கொடுத்தார், கேட்டு வாங்கித் தான் பிரிச்சு எழுதினார். இன்னொண்ணு, முதல் டிராக் டேல ஒரு ரப்பர் வேக்கம் ஹோஸ் மேனிஃபோல்ட் சூட்டுல காஞ்சு விரிஞ்சிருச்சு, ஹீட் ஸ்லீவ் போடாம விட்டிருக்காங்க, மத்ததெல்லாம் அவ்ளோ கவனமா பண்ணவங்க இதை விட்டிருக்கக் கூடாது. சொன்ன உடனே அந்தத் தம்பியே டிராக்குக்கு வந்து மாத்திக் கொடுத்தான், அந்தப் பக்கம் போற எல்லா ஹோஸுக்கும் ஸ்லீவ் போட்டான், காசு வாங்கல. மழைக்காலத்துல அந்தத் தெருவுல தண்ணி நிக்கும், வண்டி உள்ள இருந்தா லிஃப்ட் மேல ஏத்தி வைக்கச் சொல்லுங்க.

செலவு, டர்போ, மேனிஃபோல்ட், ஈசியு, இன்ஜெக்டர், இன்டர்கூலர், சீல் செட், லேபர், டைனோ எல்லாம் சேர்த்தா ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கலாம். அதுல இன்ஜினைத் திறந்து சீல் ஃபிட் பண்ணது மட்டும் கிட்டத்தட்ட கால்வாசி, கோட்டேஷன் கொடுத்த மத்த கராஜ் எதுலயும் அந்த லைனே இல்ல, அதனால தான் அவங்க ரேட் கம்மியா தெரிஞ்சுது.

ஆர்எக்ஸ்-8 மட்டும் இல்ல, பழைய ஆர்எக்ஸ்-7 என்ஏ வச்சிருக்கிறவங்களும் போலாம், அதுல எக்ஸாஸ்ட் வழி நல்லா இருக்கறதால பூஸ்ட் கொஞ்சம் அதிகமா விடலாம்னு அண்ணனே சொன்னார். 300, 400 குதிரை வேணும்னு போனா திருப்பி அனுப்பிடுவார். போறதா இருந்தா டிராக் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடி போங்க, சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல நேர்ல போங்க, ரீபில்ட் பண்ணப்ப எழுதின அளவு ஏதாவது இருந்தா அந்தப் பேப்பரை எடுத்துட்டு போங்க, அவர் முதல்ல அதைத் தான் கேப்பார்.